பியானோவில் ஆர்பெஜியோ வாசிக்கையில் கட்டைவிரலை நடுவிரலுக்கு அடியில் கொண்டுசெல்வது எப்படி?

வலக்கையில் சி மேஜர் ஆர்பெஜியோவை, அதாவது சி-ஈ-ஜி சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக மேலேறும்படி, வேகமாக வாசிக்கும்போது கட்டைவிரல் விழும் சுரம் மட்டும் இடித்தாற்போல ஒலிக்கிறது, மணிக்கட்டும் வலிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே தொல்லை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருந்தது. கோளாறு கட்டைவிரலில் இல்லை, முழங்கையில்தான் என்பது வெகு தாமதமாகவே புரிந்தது.

முதலில் தொலைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த சுரங்களை வரிசையாக வாசிக்கும் ஸ்கேலில் நடுவிரல் ஈ-யில் இருக்க, கட்டைவிரல் பக்கத்துக் கட்டையான எஃப்-க்குப் போனால் போதும். ஆர்பெஜியோவிலோ நடுவிரல் ஜி-யில் நிற்கையில், மூன்று வெள்ளைக் கட்டைகள் தள்ளியிருக்கும் மேல் சி-யைக் கட்டைவிரல் தொட வேண்டும். ஒரு வெள்ளைக் கட்டையின் அகலம் ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர், ஆக, மூன்று கட்டைக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். உள்ளங்கைக்கு அடியில் மடங்கிய கட்டைவிரல் தானாக அவ்வளவு தொலைவு எட்டுவது பெரும்பாலான கைகளுக்கு இயலாத காரியம். எட்ட முயன்றால் மணிக்கட்டு திருகிக்கொள்ளும், முழங்கை மேலே தூக்கும், பிறகு கையின் கனம் முழுவதும் கட்டைவிரலோடு சேர்ந்து விழும். நீங்கள் கேட்கும் இடி அதுதான்.

என் முதல் ஆசிரியர் புறங்கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் வாசிக்கச் சொல்வார். ஸ்கேலுக்கு அதில் ஓரளவு பயன் உண்டு. ஆர்பெஜியோவுக்கு அது தீங்கு என்றே சொல்வேன். நாணயத்தைக் காப்பாற்ற நினைக்கும் கை பக்கவாட்டில் நகரவே அஞ்சும்.

மெதுவாக வாசிக்கும்போது, சுட்டுவிரல் ஈ-யை அழுத்தியதுமே கட்டைவிரல் சி-யை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஜி ஒலிக்கத் தொடங்கும்போது முழங்கை உடம்பிலிருந்து சற்றே விலகி, மேசையைத் துடைக்கும் கை போல முன்கை முழுவதும் வலப்புறம் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். அப்போது கட்டைவிரல் எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை, கை அதைச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நகத்தின் ஓரம் மட்டும் கட்டையில் பட்டால் போதும், மணிக்கட்டு தாழக் கூடாது.

வேகம் கூடியதும் அடியில் செலுத்துவது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். 1801-இல் பீத்தோவன் இயற்றிய ‘மூன்லைட்’ சொனாட்டாவின் கடைசிப் பகுதியில் ஆர்பெஜியோக்கள் அலையலையாக மேலேறுகின்றன. அந்த வேகத்தில் கட்டைவிரலை ஒவ்வொரு முறையும் மடக்கிச் செலுத்த நேரம் ஏது? ஜி ஒலித்ததும் கை அதை விட்டுவிட்டு அப்படியே அடுத்த இடத்துக்குத் தாவுகிறது; இடையில் விழும் நூலிழை இடைவெளி காதுக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலும் ஒலியை நீட்டிக்கும் கால்மிதியான பெடல் மறைத்துவிடும். இதைப் பழக, சி-ஈ-ஜி மூன்றையும் சேர்த்து ஒரே கார்டாக அழுத்தி, அதே சுரங்கள் மேலே மீண்டும் வரும் அடுத்த ஆக்டேவுக்குத் தாவி மீண்டும் அழுத்துங்கள். தாவல் பதற்றமில்லாமல் அமைந்த பிறகு சுரங்களைப் பிரித்து வாசியுங்கள். வலி வந்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. எல்லோரும் சி மேஜரில் தொடங்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈ ஃபிளாட் மேஜரில் மோதிரவிரல் உயரமான கறுப்புக் கட்டையில் நிற்பதால் அடியில் தாராளமாக இடம் கிடைக்கிறது, அடுத்து வரும் ஜி-யும் அவ்வளவு தொலைவில் இல்லை. சுட்டுவிரலில் ஈ ஃபிளாட், கட்டைவிரலில் ஜி, மீண்டும் சுட்டுவிரலில் பி ஃபிளாட், மோதிரவிரலில் மேல் ஈ ஃபிளாட் என்று ஒரு வாரம் பழகிவிட்டு, அதன் பிறகு சி மேஜருக்குத் திரும்புங்கள்.