மெடி-கால் கார்டு கைல இருக்கு, ஆனா ஸ்பெஷலிஸ்ட் கிடைக்கல: என்ன பண்றது?

கேள்வி: அக்கா வணக்கம், நாங்க கலிஃபோர்னியால இருக்கோம், வீட்டுக்காரருக்கு வேலை போனதுக்கப்புறம் மொத்த குடும்பமும் மெடி-கால்ல (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு இங்க அரசாங்கம் குடுக்கற இன்ஷூரன்ஸ்) இருக்கோம். எனக்கு காலைல எழுந்தா விரல் எல்லாம் வீங்கி மடக்கவே முடியல, எங்க டாக்டர் ருமட்டாலஜிஸ்ட்ட (மூட்டு வாத ஸ்பெஷலிஸ்ட்) பாக்க ரெஃபரல் (சிபாரிசு லெட்டர்) குடுத்துட்டாங்க. எங்க மெடி-கால பாத்துக்கற இன்ஷூரன்ஸ் பிளானோட டாக்டர் லிஸ்ட்ல இருக்கற எல்லாருக்கும் போன் போட்டு பாத்துட்டேன், ஒருத்தர் ரிட்டயர் ஆயிட்டாராம், ஒருத்தர் புது பேஷன்ட் எடுக்கறதில்லயாம், இன்னொரு இடத்துல அஞ்சு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்றாங்க. இலவச இன்ஷூரன்ஸ்னா இப்படித்தானா?

பதில்: இல்லமா, இப்படி இருக்கவே கூடாது, இதுக்கு சட்டமே இருக்கு. முதல்ல பணம் எப்படி போகுதுன்னு புரிஞ்சுக்கோங்க. உங்க பேர்ல அரசாங்கம் அந்த பிளானுக்கு மாசாமாசம் ஒரு தொகை குடுக்குது, நீங்க டாக்டர பாத்தாலும் பாக்காட்டியும் அது போய்ட்டே இருக்கும். டாக்டருக்கு மெடிகெய்ட்ல (நாடு முழுக்க இருக்கற திட்டத்தோட பேரு, கலிஃபோர்னியால அதுதான் மெடி-கால்) கிடைக்கற ஃபீஸ் ரொம்ப கம்மி, எடுத்துக்கணும்னு அவங்களுக்கு கட்டாயமும் கிடையாது, அதனாலதான் நிறைய பேர் ஒதுங்கிடறாங்க. ஆனா டாக்டர கண்டுபிடிச்சு குடுக்க வேண்டிய கடமை பிளானோடது, உங்களோடது இல்ல. வலியோட உக்காந்து ஒவ்வொரு ஆஃபீஸா நீங்க கெஞ்சிட்டு இருக்கீங்களே, அந்த வேலைய தூக்கி அவங்க தலைல வைங்க.

இனிமே டாக்டர் ஆஃபீஸுக்கு போன் பண்றத நிறுத்திட்டு கார்டு பின்னாடி இருக்கற மெம்பர் சர்வீஸ் நம்பருக்கு கூப்பிடுங்க. கலிஃபோர்னியால அவசரம் இல்லாத ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் 15 வேலை நாளுக்குள்ள கிடைக்கணும். அத சொல்லி கேளுங்க. நெட்வொர்க்ல, அதாவது பிளானோட ஒப்பந்தம் போட்டிருக்கற டாக்டர்கள்ல, ஆள் இல்லன்னா வெளில இருக்கற டாக்டர்கிட்ட அனுப்பணும், அதுக்கு உங்ககிட்ட கூடுதலா ஒரு பைசா வாங்கக்கூடாது, இது மெடிகெய்டோட ஃபெடரல் ரூல், எல்லா ஸ்டேட்டுக்கும் பொருந்தும். நிறைய பேருக்கு இந்த ஒரு விஷயம் தெரியாததாலதான் மாசக்கணக்கா காத்துட்டு இருக்காங்க, எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். பேசினவங்க பேரு, தேதி, ரெஃபரன்ஸ் நம்பர் எல்லாம் ஒரு நோட்ல எழுதி வைங்க. இங்கிலீஷ்ல பேச தயக்கமா இருந்தா தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும்னு கேளுங்க, அது ஃப்ரீ, உங்க உரிமை, பிள்ளைய பக்கத்துல வச்சுகிட்டு பேச வைக்காதீங்க.

அப்பவும் இழுத்தடிச்சா "கிரீவன்ஸ் போடறேன்"னு சொல்லி (பிளான்கிட்டயே குடுக்கற புகார்தான் அது) போட்ருங்க, 30 நாளுக்குள்ள பதில் குடுத்தாகணும். அதுலயும் சரியாகலன்னா ஸ்டேட்ல மேனேஜ்டு ஹெல்த் கேர் டிபார்ட்மென்ட்டோட ஹெல்ப் சென்டர் இருக்கு, மெடி-காலுக்குன்னே ஆம்பட்ஸ்மன் (புகார கேட்டு உதவி பண்றவங்க) ஆஃபீஸும் இருக்கு, ரெண்டுமே காசு கேக்காது. முடியாதுன்னு வாயால சொன்னா விடாதீங்க, லெட்டரா கேளுங்க. அந்த லெட்டர் தேதிலேர்ந்து 60 நாளுக்குள்ள பிளான்கிட்ட அப்பீல் போடலாம், அதுலயும் மறுத்துட்டா 120 நாளுக்குள்ள ஸ்டேட் ஹியரிங் (ஸ்டேட் நடத்தற விசாரணை) கேக்கலாம். ஏற்கனவே நடந்துட்டு இருக்கற ட்ரீட்மென்ட்ட நிறுத்தறோம்னு லெட்டர் வந்தா மட்டும் 10 நாள்தான் டைம், அதுக்குள்ள கேட்டா முடிவு தெரியற வரைக்கும் ட்ரீட்மென்ட் தொடர சொல்லலாம். ஃபெடரல் ஹெல்த் டிபார்ட்மென்ட்டோட இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆஃபீஸ் (கண்காணிக்கற ஆஃபீஸ்) 2019 கணக்கை எடுத்து பாத்தப்போ, அவங்க ஆராய்ஞ்ச மெடிகெய்ட் பிளான்ஸ் எட்டு ப்ரையர் ஆதரைசேஷன்ல (ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடியே பிளான்கிட்ட கேக்கற அனுமதி) ஒண்ண மறுத்திருக்காங்க, அதனால மறுப்பு வந்துச்சுன்னா அதோட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க.

இன்னொன்னு, காத்திருக்கற நாள வீணாக்காதீங்க. மூட்டு வாதமா இருந்தா லேட் ஆக ஆக மூட்டு கெட்டுப்போகும், திரும்ப சரியாகாது. உங்க டாக்டர்கிட்டயே ப்ளட் டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் இப்பவே எழுதி தர சொல்லுங்க, அவங்களுக்கு சரின்னு பட்டா ரெஃபரல்ல "அர்ஜென்ட்"னு போட சொல்லுங்க, அர்ஜென்ட்னா ப்ரையர் ஆதரைசேஷன் தேவைப்பட்டாலும் 96 மணி நேரத்துக்குள்ள அப்பாயின்ட்மென்ட் குடுக்கணும். போய்வர வண்டி இல்லன்னா அதையும் பிளான் ஏற்பாடு பண்ணணும், கேளுங்க.

கேள்வி: மெடி-கால் கார்ட காமிச்சுதான் ஸ்கேன் எடுத்தேன், இப்ப 340 டாலர் பில் வந்திருக்கு. கட்டலன்னா கலெக்ஷனுக்கு (கடன் வசூல் பண்ற ஏஜென்சிக்கு) போயிடும்னு பயமா இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா கட்டிடலாமா?

பதில்: கட்டாதீங்க. மெடி-கால்ல கவர் ஆகற டெஸ்ட்டுக்கு உங்கள மெடி-கால் பேஷன்ட்டா எடுத்துகிட்டவங்க, பிளான் குடுக்கறதையே முழு பணமா ஏத்துக்கணும், மிச்சத்த உங்ககிட்ட கேக்கக்கூடாது. பில்லிங் ஆஃபீஸுக்கு கார்டு காப்பிய லெட்டரோட அனுப்பி, அனுப்பினதுக்கு ப்ரூஃப் வச்சுக்கோங்க. மெடி-கால் இருக்குன்னு ப்ரூஃப் கிடைச்சதுக்கப்புறம் கலெக்ஷனுக்கு அனுப்பறதே கலிஃபோர்னியால சட்ட விரோதம். பிளானுக்கும் போன் பண்ணி பில் வந்திருக்குன்னு சொல்லுங்க.

கேள்வி: பையனுக்கு 9 வயசு, கடவாப்பல் வலி. டென்டிஸ்ட் ஆஃபீஸ்ல இது மெடி-கால்ல கவர் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க.

பதில்: 21 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்களுக்கு மருத்துவ ரீதியா தேவைப்படற ட்ரீட்மென்ட், பல்லு உட்பட, மெடிகெய்ட் குடுத்தே ஆகணும், பெரியவங்களுக்குத்தான் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். ப்ரையர் ஆதரைசேஷன் அனுப்ப சொல்லுங்க, மாட்டேன்னா வேற டென்டிஸ்ட் வேணும்னு மெடி-கால் டென்டல் லைனுக்கு கூப்பிடுங்க. தள்ளிப்போடாதீங்க. 2007ல மேரிலாந்துல 12 வயசு பையன் ஒருத்தன் சொத்தைப்பல் இன்ஃபெக்ஷன் மூளைக்கு ஏறி இறந்தே போயிட்டான், அவங்க வீட்லயும் மெடிகெய்ட் எடுத்துக்கற டென்டிஸ்ட்ட தேடி அலைஞ்சவங்கதான். உங்க பையனுக்கு முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போயிடுங்க, அதுக்கு நெட்வொர்க்கும் வேண்டாம், முன்கூட்டி அப்ரூவலும் வேண்டாம்.