17 வயதுப் பையனைப் போலீஸ் பிடித்தால் அப்புறம் என்ன நடக்கும்?

அக்கா மகன், 17 வயது, கூட்டாளிகளோடு சேர்ந்து செல்போன் பறித்த வழக்கில் மாட்டிக்கொண்டான். இனி ஜெயில்தானா, படிப்பு, வேலையெல்லாம் போச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். 18 வயது முடியாதவர்கள் மேல் வரும் வழக்கை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்தின் குழுமத்துக்கு அடிக்கடி போய்வரும் வக்கீல் நான். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: 18 முடியாதவனை ஜெயிலில் அடைக்க முடியாது, வழக்கு குழுமத்திலேயே முடிந்தால் வேலையும் போகாது. ஆனால் முதல் இரண்டு நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்கும் உடனே தகவல் சொல்ல வேண்டும். நடைமுறையில்? "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்று கூட்டிப் போவார்கள். பையன் ஸ்டேஷனில் ரைட்டர் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பான். ராத்திரி போய்விடும். மறுநாள் தயாராகும் காகிதத்தில், அன்று விடியற்காலை பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றுகொண்டிருந்தபோது பிடிபட்டதாக இருக்கும். 24 மணி நேரம் அங்கிருந்துதான் ஓட ஆரம்பிக்கும். எல்லா ஸ்டேஷனும் இப்படி என்று சொல்லவில்லை. நல்ல எஸ்ஐக்களையும் பார்த்திருக்கிறேன். என்றாலும் பையனைக் கூட்டிப் போன நேரத்தைக் குறிப்பிட்டு எஸ்பி அலுவலகத்துக்கு உடனே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அந்தக் காலத்து வக்கீல்கள் தந்தி அடித்தது இதற்குத்தான். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போட்டுக்கொள்ளும் நம்மூர் அதிசயம் உங்களுக்கே தெரியும். பையன் மேல் கை வைத்திருந்தால், குழுமத்தின் முன் நிற்கும் முதல் நாளே அவன் வாயால் சொல்ல வேண்டும்.

அடுத்தது வயது. பதறி ஓடிவரும் அம்மாக்கள் ஆதாரையும் ரேஷன் கார்டையும் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். இங்கே அது போதாது. பள்ளியில் கொடுத்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்தான் முதலில் பார்க்கப்படும். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஸ்டேஷனில் 19 என்று எழுதிவிட்டால் பெரியவர்களோடு ரிமாண்ட் ஆகிவிடுவான். அப்படி ஆகியிருந்தாலும் பயப்பட வேண்டாம், வழக்கு முடிந்த பிறகுகூட எந்த நீதிமன்றத்திலும் வயதைக் கிளப்பலாம். சம்பவம் நடந்த அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு, பிடிபட்ட தேதி அல்ல.

குழுமம் என்றால் ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள்; இருவரில் ஒருவராவது பெண். உயரமான மேடையோ கூண்டோ இருக்காது. ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும் சிறுவனுக்கு ஜாமீன் கொடுப்பதுதான் இங்கே விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதி கெட்டுப்போகும் என்ற மூன்று காரணங்களுக்காக மட்டும் மறுக்கலாம். வீட்டிலிருந்து யாருமே வராத பையனுக்கு இதில் முதல் காரணம் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. அதனால் மானம் போகிறது என்று அப்பா வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100க்குப் போன் செய்யுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும்.

ஜாமீன் கிடைக்கவில்லை என்றால் கூர்நோக்கு இல்லம், அதாவது விசாரணை நடக்கும்போது பையன்களை வைத்திருக்கும் இடம். பேர் நன்றாகத்தான் இருக்கிறது. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடிபட்டுச் செத்தான். ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்டவன். இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள், அதற்குப் பிறகுதான் இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு போட்டது. ஒரு நாள் அதிகமாக உள்ளே இருப்பதைக்கூட லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது போலீஸ் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான் என்றால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 304, அதிகபட்சம் 3 ஆண்டு, சிறு குற்றம். விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும். இரண்டு மாதம் நீட்டிக்கலாம், அதற்குள்ளும் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு அத்தோடு மூடப்படும். அதே சம்பவத்தில் கத்தியைக் காட்டினான் என்று ஒரு வரி சேர்ந்தால் 311 வந்துவிடும். அதற்குக் குறைந்தபட்சமே 7 ஆண்டு என்பதால் கொடுங்குற்றம் என்ற வகைக்குப் போகும். 16 தாண்டியவனென்றால் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் அவன் மனநிலையை மதிப்பிடும். அந்தக் கத்தி உண்மையிலேயே இருந்ததா, யார் கையில் இருந்தது என்பதைப் பையனிடம் தனியாக, பொறுமையாகக் கேளுங்கள்.

குற்றம் உறுதியானாலும், குழுமமே முடிக்கும் வழக்கில் கண்டித்து அனுப்புவது, கவுன்சலிங், சமூகச் சேவை, நன்னடத்தை அலுவலர் மேற்பார்வை என்று பல வழி உண்டு. உச்சபட்சமே சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டுதான்.

வேலை விஷயம். குழுமத்தில் முடிந்த வழக்கைக் காட்டி அவனை எதற்கும் தகுதியற்றவன் என்று சொல்ல முடியாது, ஆவணங்களையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிட வேண்டும். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வேலையைச் சிறுவயது வழக்குக்காக மறுத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. தெரு வாட்ஸாப் குரூப்பில் அவன் படம் சுற்றினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடையாளத்தை வெளியிடுவதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம்.