குடியரசுத் தலைவர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப்தானா?

கேட்டது: 'அமைச்சரவை நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவது தவிர இந்தியக் குடியரசுத் தலைவருக்கு வேலை உண்டா?'

பெரும்பாலான நாட்களில் அதுதான் வேலை. 1950-இல் ராஜேந்திர பிரசாத் பதவியேற்றபோதே, அமைச்சரவை சொல்வதை அவர் கேட்டே ஆக வேண்டுமா என்ற சந்தேகம் இருந்தது. 1976-இல் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் 'கேட்டே ஆக வேண்டும்' என்று எழுதி வைத்தது. 1978-இல் 44-ஆவது திருத்தம் ஒரு சிறு சந்து விட்டது: ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், மீண்டும் அதே ஆலோசனை வந்தால் ஏற்க வேண்டும்.

அந்தச் சந்தில்தான் சுவாரசியமே. 1997-இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும் பரிந்துரையை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். மத்திய அரசு அதைக் கைவிட்டது. நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதாவுக்கும் இதே கதைதான். 2006-இல் ஆதாயப் பதவி மசோதாவை (அரசின் சில பதவிகளை வகிக்கும் எம்.பி.க்கள் தகுதி இழக்காமல் காப்பது) அப்துல் கலாம் திருப்பினார்; அது மாற்றமின்றி மறுபடி வந்ததும் கையெழுத்திட்டார். ஜெயில் சிங் இன்னும் கெட்டிக்காரர். கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் அஞ்சல் மசோதா வந்தபோது ஒப்புதலும் தரவில்லை, திருப்பவும் இல்லை, அப்படியே வைத்துக்கொண்டார். சாதாரண மசோதாவில் முடிவெடுக்க அரசியலமைப்பு கெடு எதுவும் எழுதவில்லையே!

எதிர் உதாரணமும் உண்டு. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடி ஒப்புதல் தந்ததோ மறுநாள் காலையில்தான்.

யாருக்கும் பெரும்பான்மை இல்லாத மக்களவை அமைந்தால், முதலில் யாரை ஆட்சியமைக்க அழைப்பது என்பதும் குடியரசுத் தலைவர் கையில்தான்.