வாசகர் கேள்வி பதில்: சின்ன பாப்-அப் கேம்பரை கரடுமுரடான ரோட்டுக்கு தயார் பண்றது

கேள்வி: சார், பழைய பாப்-அப் கேம்பர் ட்ரெய்லர் ஒண்ணு வாங்கியிருக்கேன். சின்னது, 10 இன்ச் சக்கரம், லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையா அடுக்கின ஸ்பிரிங்). கூரைய கைப்பிடி சுத்தி தூக்கினா ரெண்டு பக்கமும் படுக்கை வெளிய வரும், சுத்தி கான்வாஸ். இத காட்டு ரோடு, மண் ரோடுனு கொண்டு போகணும்னு ஆசை. பெரிய டயர், லிஃப்ட் (வண்டிய உயரமா தூக்கறது), மேல ரேக், சோலார் எல்லாம் போடலாம்னு லிஸ்ட் எழுதி வச்சிருக்கேன். எதுல ஆரம்பிக்கறது?

பதில்: லிஸ்ட்ட ஓரமா வச்சுட்டு முதல்ல வண்டிய எடை மேடைக்கு கொண்டு போங்க. நீங்க ஊருக்கு கிளம்பும்போது எப்படி இருக்குமோ அப்படியே, தண்ணி, கேஸ், மெத்தை, பாத்திரம் எல்லாம் ஏத்திட்டு எடை போடுங்க. ஆக்ஸில்ல, அதாவது ரெண்டு சக்கரத்தையும் இணைக்கற குறுக்குத் தண்டுல, ஒரு தகடு அடிச்சிருப்பாங்க, எத்தனை கிலோ தாங்கும்னு அதுல இருக்கும். பழைய சின்ன கேம்பர்ல பல சமயம் சாமான் ஏத்தின உடனேயே அந்த அளவு கிட்டத்தட்ட நிரம்பிடும், அப்புறம் நீங்க மாட்டற ஒவ்வொரு இரும்பும் அதுக்கு மேல போற எடைதான்.

இன்னொண்ணு, நிறைய பேர் பள்ளத்துல அடி இடிக்கும்னு மட்டும்தான் பயப்படறாங்க, ஆனா இந்த மாதிரி வண்டிய உண்மையில சாகடிக்கறது அதிர்வு. அலை அலையா வரி விழுந்த மண் ரோட்டுல ஒரு மணி நேரம் ஓடினா ஸ்க்ரூ தன்னால கழண்டு வரும், அலமாரி ஆணிய விட்டு பிரியும், ஒயர் தகட்டுல உரசி தோல் உரியும். பாப்-அப் கேம்பரோட பெட்டிய மெல்லிசு பலகையும் அலுமினியத் தகடும் வச்சுதான் கட்டியிருக்காங்க, அது தார் ரோட்டுக்காக செஞ்ச பொருள். அதனால என்ன மாத்தினாலும் "இது அதிர்வ குறைக்குமா, இல்ல அதிர்வுல முதல்ல உடையப்போற பொருளா"னு கேட்டுட்டு மாத்துங்க.

எடை போட்டதும் ஒரு டார்ச் எடுத்துட்டு வண்டிக்கு அடியில படுங்க. முன்னாடி முக்கோணமா வர்ற கம்பி ரெண்டும் பெட்டியோட முதல் குறுக்குக் கம்பிய தொடற இடம், ஸ்பிரிங் மாட்டியிருக்கற காது, இந்த ரெண்டு எடத்தயும் கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு பாருங்க. பெயின்ட்டுல முடி மாதிரி ஒரு கோடு, அதுலருந்து துரு கசிஞ்ச மாதிரி தெரிஞ்சா அது விரிசல். அத சரி பண்ணாம வேற எதுலயும் காசு போடாதீங்க. பட்டை வச்சு வெல்டிங் பண்ணும்போது மெயின் கம்பிய குறுக்கால நேர் கோட்டுல வெல்டு போட்டா அடுத்த விரிசல் அந்தக் கோட்டுலயே வரும், அதனால பட்டையோட முனைய சரிவா வெட்டி நீளவாக்குல வெல்டு விழற மாதிரி போடச் சொல்லுங்க. ஓட்டை போடணும்னா கம்பியோட நடுப்பக்கத்துல போடுங்க, மேல் விளிம்புலயும் கீழ் விளிம்புலயும் போடவே கூடாது, பாரம் முழுக்க அங்கதான் இழுக்குது.

கேள்வி: லிஃப்ட் பண்ண ஆக்ஸில அப்படியே தலைகீழா திருப்பி போட்டா போதும்னு ஒருத்தர் சொன்னார். செலவே இல்லையாம். சரிதானா அண்ணா?

பதில்: பண்ணாதீங்க. நேர் ஆக்ஸில் பார்க்க நேரா இருந்தாலும் நிறைய ஆக்ஸில்ல நடுப்பகுதிய லேசா மேல வளைச்சிருப்பாங்க, பாரம் ஏறினதும் அது நேராகி சக்கரம் செங்குத்தா நிக்கணும்ங்கறதுக்காக. அத தலைகீழா போட்டா வளைவு கீழ வந்துடும், பாரம் ஏற ஏற சக்கரத்தோட மேல் பக்கம் உள்பக்கமா சாயும், டயரோட உள் ஓரம் மட்டும் தேய்ஞ்சு போகும். பிரேக் இருக்கற ஆக்ஸில்னா அதுவும் தலைகீழாயிடும்.

சரியான வழி, ஆக்ஸில் இருக்கற மாதிரியே இருக்கணும், ஸ்பிரிங்க மட்டும் ஆக்ஸிலுக்கு கீழ இருந்து மேல மாத்தணும். ஸ்பிரிங் உக்கார்ற தொட்டி மாதிரி ஒரு இரும்புத் துண்டு இருக்கும்ல, அதே மாதிரி புதுசா ரெண்டு வாங்கி ஆக்ஸிலோட மேல் பக்கத்துல வெல்டு பண்ணணும். ஆக்ஸில் குழாயோட தடிமன், ஸ்பிரிங் கட்டோட தடிமன் ரெண்டும் சேர்ந்து பெரும்பாலும் 10லருந்து 13 செ.மீ. உயரம் கிடைக்கும். வெல்டு பண்றதுக்கு முன்னாடி ஹிட்ச்லருந்து (காரோட ட்ரெய்லர இணைக்கற எடம்) ஆக்ஸிலோட ரெண்டு முனைக்கும் டேப் வச்சு அளந்து பாருங்க, ரெண்டும் ஒரே அளவு வரணும், இல்லன்னா வண்டி கோணலா ஓடும். ஸ்பிரிங்கயும் ஆக்ஸிலயும் சேர்த்துப் பிடிக்கற யூ போல்ட் பழச திரும்ப போடக்கூடாது, ஒரு தடவ முறுக்கினா அது இழுபட்டுடும். புதுசு போட்டு, 100 கி.மீ. ஓடினதும் நிறுத்தி டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பேனர்) வச்சு இன்னொரு தடவ முறுக்கணும். இத சொன்னா எல்லாரும் தலையாட்டறாங்க, வழியில நிறுத்தி முறுக்கறவங்க ரொம்ப கம்மி.

உங்க ஆக்ஸில்ல ரெண்டு முனையும் மேல ஏறி, நடுக்குழாய் தாழ்வா தொங்குதுன்னா அது டிராப் ஆக்ஸில். அதுக்கு பதிலா அதே பாரம் தாங்கற நேர் ஆக்ஸில் ஒண்ணு வாங்கிப் போட்டாலே உயரம் வந்துடும், ஸ்பிரிங்ல கை வைக்க வேண்டாம்.

லிஃப்ட் பண்ண உடனே எல்லாரும் மறக்கற விஷயம், காரோட ஹிட்ச் பழைய உயரத்துலயே இருக்கும். ட்ரெய்லர் மூக்கு கீழயோ மேலயோ சாயாம மட்டமா நிக்கணும், சேஸி (வண்டியோட அடிச்சட்டம்) மேல ரசமட்டம் வச்சு பார்த்து ஹிட்ச்ச சரி பண்ணுங்க. அப்புறம் உயரம் ஏறினா வண்டி சாயற ஆபத்தும் ஏறும், ஆக்ஸில் அகலம் அதேதானே. தேவைக்கு மேல ஒரு இன்ச் கூட தூக்காதீங்க. லிஃப்ட், ஆக்ஸில் மாத்தறது எல்லாத்துக்கும் பல நாட்டுல அனுமதி, இன்ஸ்பெக்ஷன் உண்டு, வெல்டிங்குக்கு முன்னாடியே விசாரிச்சுக்கங்க.

கேள்வி: என்னோடதுல ஸ்பிரிங்கே இல்ல, சதுர குழாய்க்குள்ள ரப்பர் வச்ச டார்ஷன் ஆக்ஸில். அதையும் வெல்டு பண்ணி தூக்கலாமா?

பதில்: அந்தக் குழாய்ல வெல்டிங் கம்பியே படக்கூடாது. சூடு பட்டா உள்ள இருக்கற ரப்பர் போச்சு, அப்புறம் ஆக்ஸிலே குப்பைதான். ஆக்ஸில் பிராக்கெட்டுக்கும் சேஸிக்கும் நடுவுல போல்ட் போட்டு மாட்டற லிஃப்ட் பிராக்கெட் தனியா விக்கறாங்க, அதுதான் வழி. வண்டி பழசுன்னா முதல்ல குழாய்லருந்து சக்கரத்துக்குப் போற கை எந்த கோணத்துல இருக்குனு பாருங்க, ரப்பர் தளர்ந்து கை மேல ஏறிப் போயிருந்தா லிஃப்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல, ஆக்ஸிலே புதுசு வேணும்.

கேள்வி: 10 இன்ச் சக்கரத்த எடுத்துட்டு காரோட டயரையே போட்டுடலாமா?

பதில்: எடம் இருந்தா தாராளமா போடுங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச மாற்றம் இதுதான். கணக்கு பாருங்க. 20.5x8-10 டயரோட விட்டம் சுமார் 52 செ.மீ., 205/75 ஆர்15 டயருக்கு சுமார் 69 செ.மீ. டயர் மாத்தினதுலயே ஆக்ஸில் 8 செ.மீ. உயர்ந்துடுது, நிறைய பேருக்கு அதுவே போதும், மேல சொன்ன வெல்டிங் எல்லாம் தேவையே படாது. அதே வேகத்துல சின்ன டயர் மூணுல ஒரு பங்கு கூடுதலா சுத்துது, அதனால பேரிங்கும் அதிகமா சூடாகுது. பெரிய டயர் குழியில விழாம தாண்டி போகும், காத்தும் அதிகம் பிடிக்கும், அதுவே ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும்.

காரோட போல்ட் பேட்டர்னும் (சக்கர போல்ட் அமைஞ்சிருக்கற விதம்) ட்ரெய்லர் ஹப்பும் (சக்கரம் மாட்டற நடுப்பகுதி) ஒண்ணா இருந்தா ஒரே ஸ்டெப்னி ரெண்டுக்கும் ஆகும். சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலமும் காரோட அகலத்துக்கு சமமா அமைஞ்சா மணல்லயும் சேத்துலயும் கார் அழுத்தின தடத்துலயே ட்ரெய்லர் வரும், இழுக்கறது எவ்வளவு லேசா இருக்குனு ஓட்டும்போதே தெரியும். ஆனா சக்கரத்துக்கு மேல இருக்கற பெட்டிய பாருங்க, ஸ்பிரிங் முழுசா அமுங்கினாலும் டயர் மேல இடிக்கக்கூடாது. ஜாக்கி வச்சு ஆக்ஸில தூக்கி, சேஸியில இடிக்கற வரைக்கும் ஏத்தி பார்த்துட்டு அப்புறம் டயர் வாங்குங்க.

மண் ரோட்டுல காத்து குறைச்சு ஓட்டறது காருக்கு மட்டும்னு நினைக்கறாங்க, ட்ரெய்லருக்குதான் அது இன்னும் முக்கியம், ஏன்னா பெரும்பாலான சின்ன கேம்பர்ல ஷாக் அப்சார்பரே கிடையாது. டயர் கம்பெனியோட லோடு டேபிள பார்த்து உங்க எடைக்கு எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கு குறைங்க, கூடவே வேகத்தையும் குறைங்க, திரும்ப தார் ரோடு ஏறும்போது காத்தடிக்க சின்ன பம்ப் கையில இருக்கட்டும். காத்து கம்மியா வேகமா ஓட்டினா டயர் சூடாகி வெடிச்சுடும்.

கேள்வி: பால் ஹிட்ச் போதுமா, இல்ல ஆஃப்-ரோடு ஹிட்ச் வாங்கியே ஆகணுமா?

பதில்: சாதாரண மண் ரோட்டுக்கு பால் ஹிட்ச், அதாவது கார்ல இருக்கற உருண்டை மேல ட்ரெய்லரோட கப்ளர்ங்கற மூடி உக்கார்ற இணைப்பு, போதும். கார் ஒரு பக்கம் சாஞ்சு ட்ரெய்லர் எதிர்ப்பக்கம் சாயற அளவுக்கு பள்ளம் மேடு இருக்கற எடம்னா பால் ஹிட்ச்சால அவ்வளவு முறுக முடியாது, முக்கோணக் கம்பி முறுக்கு வாங்கும் இல்லன்னா கப்ளர் கழண்டுக்கும். அங்க போறவங்க மூணு திசையிலயும் திரும்பற ஹிட்ச் வாங்கிடுங்க. ஹிட்ச்ச விட முக்கியம் அது மேல விழற எடை. பொதுவா மொத்த எடையில 10லருந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல இருக்கணும், 700 கிலோ வண்டின்னா 70லருந்து 105 கிலோ, உங்க கார் அத தாங்குமானு கார் புத்தகத்துலயும் பாருங்க. வீட்டுல எடை பார்க்கற மெஷின் மேல ஒரு கட்டைய நிறுத்தி அது மேல கப்ளர இறக்கினா தெரிஞ்சுடும். கம்மியா இருந்தா வண்டி பாம்பு மாதிரி நெளியும், பின்னாடி தண்ணி டேங்க்கும் ஸ்டெப்னியும் மாட்டினவங்களுக்கு இதுதான் நடக்குது. தண்ணி 1 லிட்டர் 1 கிலோ, டேங்க்க ஆக்ஸிலுக்கு கொஞ்சம் முன்னாடி வைங்க.

கேள்வி: கூரை மேல ரேக் போட்டு ரெண்டு சைக்கிளும் ஒரு பெட்டியும் வைக்கலாம்னு இருக்கேன்.

பதில்: கூரைய தூக்கறது நாலு மூலையில இருக்கற மெல்லிசு கம்பமும், அதுக்குள்ள ஓடற கேபிளும்தான், அது கூரையோட சொந்த எடைக்குனு கணக்கு போட்டு செஞ்சது. மூடி இருக்கும்போது எடை பெட்டி மேல உக்காரும், ஒண்ணும் தெரியாது. சாமானோட தூக்கும்போதுதான் கேபிள் இழுபடும், ஒரு கேபிள் அறுந்தா கூரை சாஞ்சு, கீழ ஆள் இருந்தா நினைச்சுப் பாருங்க. கம்பெனி கூரைக்கு எத்தனை கிலோ சொல்லியிருக்குனு பார்த்து, அதுக்குள்ள இருந்தாலும் இறக்கி வச்சுட்டு தூக்குங்க. சைக்கிள முன்பக்க கம்பி மேல ஒரு மேடை அடிச்சு அங்க வைங்க, ஹிட்ச் எடைய மறுபடி அளந்துக்கங்க. சோலாருக்கு மடக்கி தரையில விரிக்கற பேனல் போதும், வண்டிய நிழல்ல விட்டுட்டு பேனல வெயில்ல வைக்கலாம்.

கேள்வி: மண் ரோட்டுல ஒவ்வொரு தடவயும் மெத்தை, பாத்திரம் எல்லாம் ஒரே தூசி. எங்கருந்து வருதுனே தெரியல. குழந்தைக்கு ஆஸ்துமா இருக்கு சார்.

பதில்: மேடம், குழந்தைக்காக இத முதல் வேலையா பண்ணுங்க. வண்டி ஓடும்போது பின்பக்கம் காத்தழுத்தம் குறையுது, அது பெட்டிக்குள்ள இருக்கற காத்த வெளிய இழுக்குது, அந்த எடத்த நிரப்ப கீழ இருக்கற ஓட்டை வழியா தூசியோட காத்து உள்ள வருது. ராத்திரி கூரைய மூடி உள்ள ஒரு பிரகாசமான லைட்ட போட்டு வச்சுட்டு வெளிய இருந்து சுத்தி வாங்க, அடியிலயும் குனிஞ்சு பாருங்க. வெளிச்சம் கசியற ஒவ்வொரு எடமும் தூசி வர்ற எடம். சக்கரப் பெட்டியோட ஓரம், தரையில ஒயர், பைப் இறங்கற ஓட்டை, கதவோட அடிப்பக்கம், கூரையும் பெட்டியும் சேர்ற விளிம்பு, இந்த நாலுலதான் பெரும்பாலும் தெரியும். நிரந்தர ஓட்டைக்கு பாலியூரித்தேன் சீலன்ட், திறந்து மூடற விளிம்புக்கு உள்ள காலியா இருக்கற குழல் மாதிரி ரப்பர் பீடிங். பழைய பீடிங் அமுங்கி தட்டையாகி இருந்தா உரிச்சு எடுத்துட்டு புதுசு ஒட்டுங்க, அது மேலயே ஒட்டாதீங்க.

ஒரே ஒரு எடத்த அடைக்கக்கூடாது, கேஸ் வெளியேறறதுக்காக தரை மட்டத்துல விட்டிருக்கற வென்ட். எல்பிஜி காத்த விட கனம், கசிஞ்சா கீழதான் தேங்கும், அது வெளிய போக அந்த வழி வேணும். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வ மூடியே வைங்க, மண் ரோட்டு பயணம் முடிஞ்சதும் கேஸ் இணைப்பு எல்லாத்துலயும் சோப்பு தண்ணி தடவி குமிழ் வருதானு பாருங்க. இவ்வளவு பண்ணியும் கொஞ்சம் தூசி வரத்தான் செய்யும், மெத்தைய ஜிப் வச்ச கவர்ல போட்டு வச்சுட்டா குழந்தை படுக்கும்போது பிரச்சினை இருக்காது.

கேள்வி: ஓடைய தாண்டும்போது ட்ரெய்லருக்கு என்ன கவனிக்கணும்?

பதில்: தண்ணி கிட்ட வந்ததும் உடனே இறங்காதீங்க. ஓடி வந்த ஹப் சூடா இருக்கும், சில்லுனு தண்ணி பட்டதும் உள்ள இருக்கற காத்து சுருங்கி சீல் வழியா தண்ணிய உள்ள இழுத்துக்கும். ஹப்ப தொட்டா கை தாங்கற அளவுக்கு ஆறட்டும், அந்த நேரத்துல ஆழத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துக்கங்க. தூசிக்காக நல்லா அடைச்ச லேசான பெட்டின்னா இன்னும் ஜாக்கிரதை, ஆழம் தரைய தொட்டா அது மிதக்க ஆரம்பிச்சு நீரோட்டம் பக்கவாட்டுல தள்ளி காரையும் சேர்த்து இழுக்கும். ஓடற தண்ணி பெட்டியோட அடி வரைக்கும் வரும்னா திரும்பிடுங்க.

தாண்டி வந்ததும் ரெண்டு மூணு தடவ பிரேக்க லேசா அழுத்தி காய வைங்க. வீட்டுக்கு வந்ததும் ஹப் மூடிய கழட்டி கிரீஸ விரல்ல எடுத்து பாருங்க. பால் கலந்த மாதிரி வெளுத்துப் போயிருந்தா தண்ணி போயிடுச்சு, பேரிங்க கழட்டி கழுவி, உருளைல சூட்டால நீலம் பாஞ்சிருக்கா, சின்னச் சின்ன குழி விழுந்திருக்கானு பார்த்து, நல்லா இருந்தா புது கிரீஸ், புது சீல், புது ஸ்ப்ளிட் பின் போட்டு மாட்டுங்க. ஒரு செட் பேரிங், சீல், கிரீஸ் டப்பா, ஹப் நட்டுக்கு ஏத்த ஸ்பேனர் நாலையும் ஒரு டப்பாவுல போட்டு எப்பவும் வண்டியிலயே வைங்க.