ஹூயாவை அழித்தது யார்?

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் மட்டுமே வாழ்ந்த ஹூயா பறவை பற்றி வந்த கேள்விகளில் சில.

ஓர் இளவரசர் தொப்பியில் இறகு செருகியதால்தான் அழிந்ததாமே?

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார், அவ்வளவுதான். 1901இல் யார்க் கோமகன், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், வந்தபோது தொப்பியில் ஹூயாவின் வால் இறகை அணிந்தார். வெள்ளை நுனியுள்ள கறுப்பு இறகு. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளிடம் அது தலைவர்கள் அணிவது. அப்புறம் ஆளாளுக்கு வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் 1892லேயே ஹூயா வேட்டைக்குத் தடை வந்தாயிற்று. நிலைமை அப்போதே மோசம். தடையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

மாவோரிகளும் வேட்டையாடினார்களே?

ஆமாம். எலியையும் நாயையும் அந்தத் தீவுக்கு முதலில் கொண்டுவந்ததும் அவர்கள்தான். இருந்தும் பல நூறு ஆண்டுகள் ஹூயா தாக்குப்பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில்தான், அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைக்க, அதன் தோலுக்கு விலை வந்தது. ஆணுக்குக் குட்டை அலகு, பெண்ணுக்கு நீண்டு வளைந்த அலகு. அதனால் சேகரிப்பாளர்கள் ஜோடியாகவே கேட்டார்கள். ஆஸ்திரியரான ரைஷெக் ஒருவரே 212 ஜோடிகளைச் சேர்த்தார். இனப்பெருக்கம் செய்யும் ஜோடியையே தூக்கினால் என்ன மிஞ்சும்?

காடழிப்புதானே முதல் காரணம்?

பெரிய காரணம், மறுக்கவில்லை. ஹூயாவின் முக்கிய உணவு மட்கிய மரத்துக்குள் இருக்கும் புழு. மேய்ச்சலுக்காகத் தாழ்நிலக் காட்டை எரித்தபோது அதுவும் போயிற்று. ஆனால் எனக்கு ஓர் இடறல் உண்டு: அதே வடக்குத் தீவின் தாராருவா மலையில் காடு இன்றும் நிற்கிறது, ஹூயா மட்டும் இல்லை. ஆகவே காட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கப்பலில் வந்த எலியும் பூனையும், முயலைக் கட்டுப்படுத்த 1880களில் கொண்டுவந்து விட்ட ஸ்டோட் என்ற கீரி போன்ற விலங்கு, இவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தரையில் தத்தித் தத்தி இரை தேடும், பறப்பதில் அவ்வளவு கெட்டியில்லாத பறவை அது.

நம்மூர் மைனா நோய் பரப்பியதாகப் படித்தேன்.

மைனாவோடு வந்த உண்ணிகள் நோய் கொடுத்திருக்கலாம் என்பது ஊகம். நிரூபணம் இல்லை.

வேறு தீவுக்கு மாற்றியிருக்கலாமே?

திட்டம் இருந்தது. அப்படி அனுப்பப் பிடித்த ஒரு ஜோடியைப் பறவையியலாளர் புல்லரே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்! பறவையைப் பற்றி அதிகம் எழுதியவரும் அவர்தான்.

கடைசியாகப் பார்த்தது எப்போது?

உறுதியாகச் சொல்லக்கூடியது 1907 டிசம்பர் 28, அதே தாராருவா மலையில். மூன்று பறவைகள்.