மசிம்புவில் கொடுத்த நிலம் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

டான்சானியா – ஜாம்பியா ரயில் பாதை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். தென்னாப்பிரிக்காவின் விடுதலைக்காக ஜாம்பியா தன் எல்லையையே மூடிக்கொண்டு கஷ்டப்பட்டது என்று புரிந்துகொண்டேன். அதே வாரம் கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்தது. ஜொகனஸ்பர்க்கில் ஓர் அரசு மருத்துவமனை வாசலில் ஒரு கூட்டம் நின்றுகொண்டு, கைக்குழந்தையோடு வரும் பெண்களிடம் அடையாள அட்டை கேட்கிறது. தென்னாப்பிரிக்கர் இல்லையென்றால் திருப்பி அனுப்புகிறது. ‘ஆபரேஷன் டுடுலா’ என்று பெயர் போட்டிருந்தது.

“எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்” என்ற குறள்தான் நினைவுக்கு வந்தது. சோறு போட்டவர் வீட்டுப் பிள்ளையையே வாசலில் மறித்து விரட்டுகிறார்களே, இது நன்றி கொல்வது இல்லையா? டர்பனில் இருக்கும் என் உறவினரோ, “இங்கே வந்து பார், ஆஸ்பத்திரியில் இடமில்லை, வேலை இல்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்களால்தான்” என்கிறார். எதை நம்புவது?

ம.

அன்புள்ள ம.,

முதலில் ஒரு சிறு திருத்தம். எல்லையை மூடியது ஜாம்பியா அல்ல. 1973 ஜனவரியில் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) இயன் ஸ்மித் தலைமையிலான வெள்ளையர் அரசுதான் மூடியது, தன்னை எதிர்த்த கெரில்லாக்களுக்கு ஜாம்பியா இடம் கொடுத்ததற்குத் தண்டனையாக. தாமிரத்துக்கு மட்டும் ஸ்மித் விலக்குக் கொடுத்தார், ஏனென்றால் ஜாம்பியத் தாமிரத்தின் சரக்குக் கட்டணம் ரொடீசிய ரயில்வேக்கு வருமானம். அந்த விலக்கை ஜாம்பிய அதிபர் கென்னத் கவுண்டா ஏற்கவில்லை. சில வாரங்களில் ஸ்மித்தே எல்லையைத் திறந்தபோதும் ஏற்கவில்லை. மாற்று வழியான ரயில் பாதை, டான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து ஜாம்பியாவின் கபிரி ம்போஷி வரையிலான 1,860 கிலோமீட்டர், அப்போது பாதிகூடச் செயல்படவில்லை. ஐந்தாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து, விதைப்புக்கு உரம் வந்து சேராத நிலை வந்தபின், 1978 அக்டோபரில்தான் கவுண்டா ரொடீசியா வழியான தெற்குப் பாதையைத் திறந்தார். மூடுவதைவிட, திறந்த கதவு வழியே போகமாட்டேன் என்று நிற்பது அதிகச் செலவு பிடிக்கும் காரியம்.

இப்போது குறளுக்கு வருகிறேன். நன்றி கொல்வதற்கு முதலில் நன்றியைப் பெற்றிருக்க வேண்டும், பெற்றது தெரிந்திருக்கவும் வேண்டும். ஆகவே யார் கொடுத்தார்கள், எதைக் கொடுத்தார்கள், யார் கையில் கொடுத்தார்கள் என்று பார்ப்போம்.

1960இல், தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது. 1962இல் மண்டேலா நாட்டை விட்டு ரகசியமாக வெளியேறியபோது எத்தியோப்பியா அவருக்கு டேவிட் மொட்சமாயி என்ற பெயரில் கடவுச்சீட்டும் அடிஸ் அபாபாவில் ராணுவப் பயிற்சியும் கொடுத்தது. அல்ஜீரியப் போராளிகள் மொராக்கோ எல்லையில் பயிற்சி கொடுத்தார்கள். 1964இல் டான்சானியா கொங்க்வாவில் முகாமுக்கு இடம் கொடுத்தது. பிரிட்டிஷார் பெரிய அளவில் நிலக்கடலை பயிரிடப் போய்த் தோற்றுப்போன ஊர் அது. 1976இல் ஜொகனஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் நடந்த மாணவர் எழுச்சிக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் எல்லை தாண்டி ஓடிவந்தபோது, மொரோகோரோ அருகே மசிம்புவில் ஒரு பழைய கற்றாழை நார்த் தோட்டத்தை டான்சானியா கொடுத்தது. நிறவெறி அரசு தூக்கிலிட்ட இளம் போராளி சாலமன் மாஷ்லாங்குவின் பெயரில் அங்கே பள்ளி எழுந்தது. குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை, பண்ணை, மரச்சாமான் பட்டறை எல்லாம் சேர்ந்து ஓர் ஊராகவே ஆயிற்று. 1992இல் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று அது சொகொய்னே பல்கலைக்கழகத்தின் வளாகம். காங்கிரசின் தலைமையகத்துக்கு ஜாம்பியத் தலைநகர் லுசாகா இடம் தந்தது. அதன் வானொலியான ‘ரேடியோ ஃப்ரீடம்’ லுசாகாவிலிருந்தும் அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்தும் தார் எஸ் சலாமிலிருந்தும் ஒலித்தது.

கொடுத்ததற்கு விலையும் இருந்தது. 1981 ஜனவரி 30 அன்று மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவை ஒட்டிய மடோலாவில் தென்னாப்பிரிக்கக் கமாண்டோக்கள் வீடு புகுந்து சுட்டார்கள். 1982 டிசம்பர் 9 அன்று லெசோத்தோவின் மசேருவில் 42 பேரைக் கொன்றார்கள், அதில் 12 பேர் அந்த ஊர்க்காரர்கள். 1985 ஜூன் 14 அன்று போட்ஸ்வானாவின் காபரோனில் 12 பேர். 1986 மே 19 அன்று ஹராரே, லுசாகா, காபரோன் மூன்று தலைநகரங்களையும் ஒரே நாளில் தாக்கினார்கள். மொசாம்பிக்கில் ரெனமோ என்ற கிளர்ச்சிப் படைக்கு ஆயுதம் கொடுத்து ரயில் பாதைகளையும் பள்ளிகளையும் மருந்தகங்களையும் அழிக்கவைத்தார்கள். 1980 முதல் 1988 வரையிலான சேதத்தை ஐ.நா. பின்னர் கணக்கிட்டபோது, தெற்கு ஆப்பிரிக்காவின் அண்டை நாடுகளுக்குச் சுமார் 6,000 கோடி டாலர் இழப்பு, 15 லட்சம் உயிர்கள் என்று வந்தது.

இவ்வளவும் உண்மை. ஆனால் இது அரசுகள் ஓர் இயக்கத்துக்குக் கொடுத்தது. அதற்கு எல்லைகளும் இருந்தன. 1969இல் டான்சானியா காங்கிரசின் போராளிகளை வெளியேறச் சொன்னது, அவர்கள் சோவியத் யூனியனுக்குப் போய்த் தங்கவேண்டியிருந்தது. 1984 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவோடு ன்கொமாட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் மொசாம்பிக் காங்கிரசுக்கு 10 பேர் கொண்ட அலுவலகத்தை மட்டும் அனுமதித்தது. அதன் அதிபர் சமோரா மஷேல் கல்நெஞ்சர் என்பதால் அல்ல, அவருடைய நாடு பட்டினியில் இருந்ததால்.

பெற்றுக்கொண்டவர்கள் சில ஆயிரம் பேர். அவர்கள் 1990க்குப் பிறகு ஊர் திரும்பி அமைச்சர்களாகவும் தூதர்களாகவும் ஆனார்கள். ஜொகனஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா பகுதியில் தகரக் குடிசையில் பிறந்தவருக்கு லுசாகா எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அவர் அண்டை நாட்டுக்காரரைப் பார்த்தது சுரங்கத்தில். நம் ஊரில் இந்தப் பகுதியை அதிகம் யாரும் எழுதுவதில்லை என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஜொகனஸ்பர்க்கின் தங்கத்தை வெட்டியவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டார். மொசாம்பிக், லெசோத்தோ, மலாவி, போட்ஸ்வானா. 1970களின் தொடக்கத்தில் சுரங்கத்தில் இறங்கிய கறுப்பினத் தொழிலாளர்களில் நாலில் மூன்று பங்கு எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள். ‘வெனெலா’ என்று எல்லோரும் சொன்ன ஆள்பிடிக்கும் நிறுவனம் கிராமத்திலேயே பெயர் எழுதி, ஒப்பந்தம் போட்டு, கூட்டிவந்து, சுரங்க வளாகத்தின் ஆண்கள் விடுதியில் அடைத்துவைக்கும். ஒப்பந்தம் முடிந்தால் திரும்பிப் போயாக வேண்டும், குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது. மொசாம்பிக்காரரின் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து ஊர் போனபின்தான் கொடுப்பார்கள். அந்தத் தொகையைப் போர்த்துகீசிய அரசு தங்கமாக மலிவு விலையில் வாங்கிக்கொண்டு, தொழிலாளிக்கு உள்ளூர்ப் பணம் கொடுத்தது. கல்தூசு நுரையீரலில் தங்கிய பின் அந்த ஆள் ஊருக்குப் போய்ச் சாவார். மருத்துவச் செலவு லெசோத்தோவுக்கு, தங்கம் ஜொகனஸ்பர்க்குக்கு. இப்படி நோயுற்றவர்களுக்கு 2019இல்தான் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தில் 500 கோடி ராண்ட் நிதி உருவாயிற்று.

உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம் என்ற இந்த ஏற்பாடு இன்றைய கூட்டத்தின் முழக்கத்தைவிடப் பழையது, அதைவிட வலுவானது. நிறவெறி அரசு கடைசியாகப் போட்ட 1991ஆம் ஆண்டு அந்நியர் கட்டுப்பாட்டுச் சட்டம், விடுதலைக்குப் பிறகும் 2002இல் புதிய குடியேற்றச் சட்டம் நிறைவேறும்வரை நீடித்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் ஒரு நல்ல சட்டம். தஞ்சம் கேட்பவரை முகாமில் அடைக்காமல் ஊருக்குள் வாழவிட்டது. அகதியாக வாழ்ந்தவர்கள் நிறைந்த ஒரு நாடாளுமன்றம் எழுதியது அது. மசிம்புவுக்குச் செய்த கைம்மாறு என்று ஒன்று இருந்தால் அதுதான். அது எங்கே உடைந்தது என்றால், அலுவலக வாசலில்.

எல்லையில் ‘தஞ்சம் கேட்கப் போகிறேன்’ என்று சொன்னால் 5 நாள் செல்லும் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதற்குள் அகதிகள் வரவேற்பு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நாடு முழுவதும் இந்த அலுவலகங்கள் ஒரு கை விரலில் அடங்கும். ஜொகனஸ்பர்க் அலுவலகம் 2011இல் மூடப்பட்டது. கேப் டவுன் அலுவலகம் 2012இல் புதியவர்களுக்கு மூடப்பட்டது. 2018 மார்ச்சுக்குள் திறக்கவேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டும் 2023இல்தான் திறந்தது. அதுவரை அங்கே வந்து இறங்கியவர் பிரிட்டோரியா, முசினா போன்ற வேறு ஊர்களுக்குப் போக வேண்டியிருந்தது. போய்ப் பதிவுசெய்தால் அகதிகள் சட்டத்தின் 22ஆம் பிரிவின் கீழ் சில மாதங்களுக்கு ஒரு தற்காலிக அனுமதி. அதை ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் நாளில் வரிசை முடியவில்லை என்றாலோ கணினி இயங்கவில்லை என்றாலோ மறுநாள் காலை அவர் சட்டவிரோதி. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு. அந்தத் தேக்கத்தை அப்போதைய வேகத்தில் தீர்க்க 68 ஆண்டு பிடிக்கும் என்று அரசின் தலைமைத் தணிக்கையாளரே 2019இல் சொன்னார். ‘சட்டவிரோதமாக வந்தவர்கள்’ என்று மேடையில் பேசும்போது, வந்தபின் அலுவலகம் சட்டவிரோதி ஆக்கியவர்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

அதே சமயம் வேலிக்குப் பணம் இருந்தது. 2020இல் ஜிம்பாப்வே எல்லையில் பெய்ட்பிரிட்ஜ் அருகே 40 கிலோமீட்டர் கம்பி வேலிக்கு 3 கோடியே 70 லட்சம் ராண்ட் செலவிட்டார்கள். வேலை முடியும் முன்பே ஆங்காங்கே அறுத்துவிட்டார்கள். விசாரணையில் ஒப்பந்தமே முறைகேடானது என்று வந்தது.

உங்கள் உறவினர் சொல்வதை நான் பொய் என்று தள்ளமாட்டேன். மருத்துவமனையில் இடமில்லை என்பது உண்மை, வேலையில்லாதோர் 30 சதவீதத்துக்கு மேல் என்பதும் உண்மை. காரணம்தான் தவறு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 6 கோடியே 20 லட்சம் பேரில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் 24 லட்சம், ஏறக்குறைய 4 சதவீதம். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஜொகனஸ்பர்க் அடங்கிய கௌடெங் மாகாணத்தில் இருப்பதால் ஜொகனஸ்பர்க் மருந்தகத்தில் அவர்கள் கண்ணில் படுகிறார்கள். அந்த 4 பேரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டாலும் மீதி 96 பேருக்கு அதே மருத்துவர்கள், அதே படுக்கைகள்.

சட்டமும் தெளிவு. அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு மருத்துவ வசதி ‘எல்லோருக்கும்’ என்கிறது, ‘குடிமக்களுக்கு’ என்று சொல்லவில்லை. கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எந்த நாட்டவராக இருந்தாலும் கட்டணமில்லை என்று 2023 ஏப்ரலில் ஜொகனஸ்பர்க் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குடியேற்றச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி ஒருவரிடம் ஆவணம் கேட்கும் உரிமை குடியேற்ற அதிகாரிக்கும் காவலருக்கும் மட்டும்தான். டுடுலா ஆட்கள் யாரிடமும் அட்டை கேட்கக் கூடாது, மருத்துவமனையை மறிக்கக் கூடாது என்று 2025 நவம்பரில் அதே நீதிமன்றம் தடை விதித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் அபாஷ்லாலி பாசெம்ஜொண்டோலோ என்ற குடிசைவாசிகள் இயக்கமும் ஒன்று. டர்பனில் பிறந்த இயக்கம். தென்னாப்பிரிக்க ஏழைகளே அங்கே எதிர்த்தரப்பில் நின்றார்கள் என்பதை உங்கள் உறவினரிடம் சொல்லுங்கள்.

கோபம் எப்படித் திசைமாறுகிறது என்பதற்கு 2024 ஒரு கொடிய உதாரணம். சொவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் தின்பண்டம் தின்று இறந்தார்கள். நாடு முழுவதும் இருபதுக்கு மேல். ஸ்பாசா எனப்படும் தெருமுனைக் கடைகளைப் பல இடங்களில் சோமாலியரும் எத்தியோப்பியரும் நடத்துவதால் அவர்களை அடித்து விரட்டினார்கள். ஆய்வில் தெரிந்தது டெர்புஃபோஸ். அப்போது வயலுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்த கடும் பூச்சிக்கொல்லி. அதை எலிக்கு வைக்கப் பொட்டலம் கட்டித் தெருவில் விற்கிறார்கள். எலி பெருகியது குப்பை அள்ளப்படாததால். குப்பை அள்ள வேண்டியது மாநகராட்சி. ஆனால் கல் விழுந்தது கடைக்காரர் மேல்.

கூட்டத்தின் சோதனை முறையையும் சொல்லிவிடுகிறேன். 2008 மேயில் அலெக்சாண்ட்ராவில் தொடங்கிய வன்முறையில் முழங்கையைக் காட்டி ஜூலு மொழியில் என்ன பெயர் என்று கேட்டார்கள். ‘இண்டொலொல்வானெ’ என்று சொல்லத் தெரியாதவர் அந்நியர். கொல்லப்பட்ட 62 பேரில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள்.

இது தென்னாப்பிரிக்கர்களின் குணக்கேடு என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிரிக்க ஒற்றுமையின் தலைநகரமாக இருந்த கானா 1969 நவம்பரில் அனுமதிச் சீட்டு இல்லாத அண்டை நாட்டாருக்கு இரண்டு வாரக் கெடு கொடுத்தது. 1983 ஜனவரியில் நைஜீரியா, எண்ணெய் விலை விழுந்ததும், சுமார் 20 லட்சம் பேரை வெளியேற்றியது, பாதி கானாக்காரர்கள். மண்டேலாவுக்குப் பயிற்சி கொடுத்த அல்ஜீரியர்களின் நாடு 2024இல் மட்டும் 30,000க்கு மேற்பட்டவர்களை நைஜர் எல்லைக்குத் தள்ளியது. பலரைப் பாலைவனத்தில் இறக்கிவிட்டு, அசமக்கா ஊர்வரை நடக்கச் சொன்னார்கள்.

டர்பன் என்றதால் இன்னொன்று. டர்பன் அடங்கிய நட்டாலின் அரசு 1895இல் போட்ட சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளி ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறு ஒப்பந்தம் போட வேண்டும், அல்லது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அதாவது ஆறு மாதச் சம்பளம், அங்கே இருப்பதற்கு மட்டும். உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம் என்பதன் தமிழ் முகம் அது. 1913 போராட்டத்தில் சிறை சென்று நோயோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டு வரி நீக்கப்பட்டது.

இனி என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜிம்பாப்வேக்காரர்களுக்கு 2010இல் கொடுக்கத் தொடங்கிய சிறப்பு அனுமதியைப் பெயர் மாற்றி மாற்றி நீட்டித்து வருகிறார்கள். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அதைக்கொண்டு நிரந்தர வசிப்புரிமை கேட்க முடியாது என்பது அதன் நிபந்தனை. கடைசியாக வைத்திருந்தவர்கள் சுமார் 1,78,000 பேர். 2025இல் முடியவிருந்ததை 2027 மே 28 வரை நீட்டித்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பிறப்பைப் பதிவுசெய்து, பதினெட்டு வயதுவரை அங்கேயே வாழ்ந்த பிள்ளை குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று குடியுரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அனுமதி வந்த 2010இல் பிறந்த குழந்தைக்குப் பதினெட்டு நிறைவது 2028இல்.