தர்பூசணி ரோஜா சர்பத் கசக்குதுன்னா

சர்பத் ஏன் கசக்குதுன்னு கேட்டிருந்தீங்க. சர்க்கரைப் பாகோட சேர்த்து 15 நிமிஷம் ரோஜா இதழைக் கொதிக்க விட்டேன்னு சொல்லியிருக்கீங்க, கசப்பு அங்கேதான் வருது. வாசனை ஆவியோட போயிடும், துவர்ப்பு மட்டும் தங்கிடும். அடுப்பை அணைச்சு, பாகு கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் இதழைப் போட்டு மூடுங்க. அரை மணி நேரம் கழிச்சு வடிகட்டுங்க, பிழியாதீங்க. இதழோட அடியில வெள்ளையா ஒரு முனை இருக்கும், அதையும் கிள்ளி எறியணும்.

சந்தேகம்னா பாகை மட்டும் ஒரு ஸ்பூன் தண்ணியில கலந்து குடிச்சுப் பாருங்க. அதுலேயே கசந்தா பூதான். இல்லன்னா மிக்ஸியில தர்பூசணி விதை அரைபட்டிருக்கும். ஐஸ் போட்டா மணம் அடங்கிடும், அதனால பாகுல கொஞ்சம் தூக்கலாவே இருக்கட்டும். எலுமிச்சை நாலு சொட்டு விட்டா, வெளிறின பாகு பட்டுனு சிவக்கும்!

வேலூர் நேதாஜி மார்க்கெட்ல பன்னீர் ரோஜாவா கேட்டு வாங்குங்க. மாலைக்குப் போற பெரிய ரோஜாவுல நிறம்தான் இருக்கும். ஆனா மார்க்கெட் பூவுக்கு மருந்து அடிச்சிருக்கலாம், கழுவினாலும் முழுசா போகாது. தொட்டிப் பூ கிடைச்சா அதுவே மேல். கல்யாணத்துல தெளிக்கிற பன்னீரை மட்டும் ஊத்திடாதீங்க, அது குடிக்கிறதுக்கு இல்ல.